பெரிய டயர், ஓபன் ஃபில்டர், கூரைக் கேரியர்: மைலேஜில் எது எவ்வளவு கைவைக்கும்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: 205/55 ஆர்16 டயரோடு வந்த பெட்ரோல் காரில் 215/60 ஆர்16 டயரும் சற்றுக் கனமான அலாய் வீலும் போட்டீர்கள், கூரையில் கேரியர் பொருத்தினீர்கள், ஓபன் ஏர் ஃபில்டரையும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரையும் மாட்டினீர்கள். கடைசி இரண்டும் மைலேஜைக் கூட்டும் என்று சொல்லித்தான் உங்களிடம் விற்றிருக்கிறார்கள். ஆனால் லிட்டருக்கு 17 கி.மீ. கொடுத்துவந்த வண்டி இப்போது 14.5 கி.மீ. தான் கொடுக்கிறது. இதற்கு எது காரணம், எதைப் பழையபடி மாற்றினால் சரியாகும்?

குறைந்ததாகத் தெரியும் இரண்டரை கிலோமீட்டரில் ஒரு பகுதி உண்மையில் குறையவே இல்லை, அது ஓடோமீட்டர் காட்டும் தவறான கணக்கு. மிச்சத்தில் பெரும்பங்கு கூரைக்கும் டயருக்கும் உரியது. ஃபில்டரும் சைலன்சரும் இந்தக் கணக்கில் ஏறக்குறைய எந்தப் பக்கமும் சேராதவை, ஆனால் அவை ஓட்டுபவரின் காலை மாற்றிவிடுகின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் ஓடோமீட்டர். வண்டி எவ்வளவு தூரம் ஓடியது என்பது நேரடியாக அளக்கப்படுவதில்லை. சக்கரமோ கியர்பாக்ஸின் வெளித்தண்டோ எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, அதைத் தொழிற்சாலை டயரின் சுற்றளவால் பெருக்கித்தான் சொல்கிறார்கள். 16 அங்குல ரிம் என்பது 406.4 மி.மீ. 205/55 டயரின் பக்கச்சுவர் உயரம், அதன் அகலமான 205 மி.மீ.-ல் 55 சதவீதம், அதாவது 112.75 மி.மீ.; மேலும் கீழுமாக இரண்டு முறை சேர்த்தால் மொத்த விட்டம் 631.9 மி.மீ. உங்கள் புதிய 215/60 டயரில் அதே கணக்குப்படி 406.4-உடன் 129 மி.மீ. இரண்டு முறை சேர்ந்து 664.4 மி.மீ. ஆகிறது. வித்தியாசம் 5.1 சதவீதம். ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி முன்பைவிட 5.1 சதவீதம் கூடுதலாக நகர்கிறது, மீட்டருக்கு அது தெரியாது. மீட்டர் 14.5 கி.மீ. என்று காட்டும்போது வண்டி ஓடியது ஏறத்தாழ 15.2 கி.மீ. ஆகவே உண்மையான இழப்பு 2.5 கி.மீ. இல்லை, 1.8 கி.மீ. தான். பெரிய டயர் போட்டதும் மைலேஜ் படுத்துவிட்டது என்று வருகிற புகார்களில் இந்தத் திருத்தத்தைச் செய்துவிட்டுப் பேசுகிறவர்கள் மிகக் குறைவு.

இதே திருத்தத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. ஸ்பீடோமீட்டரும் அதே எண்ணிக்கையை நம்பித்தான் இயங்குகிறது. முன்பு முள் 100-ல் நிற்கும்போது எந்த வேகத்தில் போனீர்களோ, இப்போது அதே 100-ல் அதைவிட 5.1 சதவீதம் கூடுதல் வேகத்தில் போகிறீர்கள். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், முள் மாறாமலே காற்றுத் தடை 10 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கும். இது போலிக் கணக்கன்று, நிஜமாகவே எரிபொருளைத் தின்னும் இழப்பு.

இனி வரும் எல்லா மாற்றங்களையும் எடைபோட, வண்டியை எது பின்னால் இழுக்கிறது என்ற ஒரு சிறிய கணக்கு வேண்டும். ஓட்டுநரோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள, சாதாரண உருவமுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். டயர் உருளும்போது நசுங்கி விரிவதில் வீணாகும் உருளல் தடை, எடையில் ஏறக்குறைய 1 சதவீதம், அதாவது 128 நியூட்டன். சாதாரண வேகங்களில் இது அதிகம் மாறுவதில்லை. காற்றுத் தடையோ 50 கி.மீ. வேகத்தில் 81 நியூட்டன், 80-ல் 207, 100-ல் 324, 120-ல் 467 என்று ஏறிக்கொண்டே போகும். 60 கி.மீ. வேகத்தைச் சற்றுத் தாண்டியதும் இரண்டும் சமமாகி, அதற்கு மேல் காற்றின் ஆட்சிதான். நகருக்குள் நின்று நின்று ஓட்டும்போது மூன்றாவதாக எடை வந்து சேர்கிறது: ஒவ்வொரு முறை வேகமெடுக்கும்போதும் கொடுத்த ஆற்றலை அடுத்த சிக்னலில் பிரேக் சூடாக்கி வீசிவிடுகிறது.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. சமதளத்தில் சீராக 80 கி.மீ. வேகத்தில் போக, மேலே சொன்ன காருக்கு வேண்டியது 7.4 கிலோவாட், ஏறத்தாழ 10 குதிரைத்திறன் மட்டுமே. அந்த என்ஜினின் உச்சத் திறன் 85, 90 குதிரைத்திறன் இருக்கலாம். நம் ஓட்டத்தின் பெரும்பகுதியில் என்ஜின் தன் திறனில் ஒன்பதில் ஒரு பங்கையே தருகிறது. உச்சத் திறனைக் கூட்டும் மாற்றங்களை மைலேஜோடு சேர்த்துப் பேசும்போது இந்த விகிதத்தை மறந்துவிடக் கூடாது.

கூரைக் கேரியருக்கு வருவோம். காரின் கூரை காற்று வழுக்கிச் செல்வதற்காகப் பார்த்துப் பார்த்து வளைக்கப்பட்ட இடம். அதன் மேல் குறுக்குக் கம்பிகளை வைத்தால் கம்பியின் பரப்பு தரும் தடையோடு, கம்பிக்குப் பின்னால் கலங்கும் காற்று கூரை முழுவதும் வழுக்கலைக் கெடுக்கும் தடையும் சேர்கிறது. கேரியரால் காற்றுத் தடை 10 சதவீதம் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், 100 கி.மீ. வேகத்தில் 32 நியூட்டன் கூடி, வண்டியை இழுக்கும் மொத்த விசை 452-லிருந்து 484 ஆகும். இது 7 சதவீத உயர்வு. எரிபொருளில் இதைவிடச் சற்றுக் குறைவாகவே தெரியும், ஏனெனில் என்ஜினின் சொந்த உராய்வுக்குப் போகும் பங்கு மாறுவதில்லை. 40 கி.மீ. வேகத்தில் இதே கேரியர் இருப்பதே தெரியாது. பெரிய, முன்பக்கம் மழுங்கிய கூரைப் பெட்டிகளுக்கு அமெரிக்க எரிசக்தித் துறை தரும் அளவுகள் இந்த ஏற்ற இறக்கத்தை நன்றாகக் காட்டுகின்றன: நகர ஓட்டத்தில் 2 முதல் 8 சதவீதம் இழப்பு, நெடுஞ்சாலையில் 6 முதல் 17, மணிக்கு 105 முதல் 120 கி.மீ. வரையிலான விரைவுச்சாலை வேகங்களில் 10 முதல் 25 சதவீதம். அதே சுமையை வண்டியின் பின்புறம் மாட்டும் பெட்டியில் வைத்தால் நெடுஞ்சாலையிலும் 1 முதல் 5 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. சுமையில்லாத நாளிலும் அழகுக்காகக் கேரியரை மாட்டியே வைத்திருப்பதுதான் நான் காணும் மாற்றங்களிலேயே வீண்செலவு மிக்கது. கழற்றப் பத்து நிமிடம் ஆகும், எந்தப் பொருளும் வாங்க வேண்டியதில்லை.

முன்பக்க இரும்புக் கம்பிவேலி, கூரை விளக்குப் பட்டை, வண்டியின் உயரத்தை ஏற்றும் கிட் ஆகிய எல்லாமே இதே வகையைச் சேர்ந்தவை. உயரம் ஏற்றும்போது சக்கரங்களும் வண்டியின் கரடுமுரடான அடிப்பாகமும் கூடுதலாகக் காற்றுக்கு முகம் காட்டுகின்றன. அதோடு பெரும்பாலும் பெரிய கட்டைகளுள்ள ஆஃப்ரோடு டயரும் வந்து சேர்வதால் இழப்பு மேலும் கூடுகிறது. பின்னால் நிமிர்ந்து நிற்கும் பெரிய விங் தரையை நோக்கி அழுத்தம் தருவதற்காக உருவானது, அழுத்தம் இலவசமாகக் கிடைப்பதில்லை, தடையாக விலை கொடுத்தாக வேண்டும். தொழிற்சாலையே பின்கதவின் மேல்விளிம்பில் வைக்கும் சிறிய உதடு வேறு வகை: காற்று உடலைவிட்டுப் பிரியும் இடத்தை ஒழுங்குபடுத்தித் தடையைக் குறைப்பதற்கானது. இரண்டையும் ஸ்பாய்லர் என்ற ஒரே பெயரில் விற்பதால் குழப்பம் வருகிறது.

அடுத்தது டயர், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் மாற்றங்களில் ஒவ்வொரு கிலோமீட்டரிலும், எந்த வேகத்திலும் தன் பங்கை எடுத்துக்கொள்வது இது ஒன்றுதான். உருளல் தடை 10 சதவீதம் மாறினால் எரிபொருள் சிக்கனம் 1 முதல் 2 சதவீதம் மாறும் என்பது அமெரிக்காவின் போக்குவரத்து ஆய்வுக் கழகம் 2006-ல் வெளியிட்ட அறிக்கையின் முடிவு, துறையில் இன்றும் கைக்கணக்காகப் பயன்படுகிறது. வெளியில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு டயர்களின் உருளல் தடை 30 சதவீதம் வேறுபடுவது அபூர்வமில்லை. கார் நிறுவனங்கள் அதிகாரபூர்வச் சோதனையில் நல்ல எண் காட்ட வேண்டியிருப்பதால், புதுக் காரோடு வரும் டயரைக் குறைந்த உருளல் தடைக்கென்றே டயர் நிறுவனத்திடம் சொல்லிச் செய்துவாங்குகின்றன. அதை எடுத்துவிட்டு, பிடிப்புக்கும் தோற்றத்துக்கும் முதன்மை தரும் ஒரு டயரைப் போட்டால், அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாவிட்டாலும் 3 முதல் 5 சதவீதம் போகலாம். உங்கள் டயர் அகலமும் கூடியது, புதியதும்கூட. புது டயரின் ஆழமான கட்டைகள் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளைந்து நெளிவதால் அதன் உருளல் தடை கூடுதலாக இருக்கும், தேயத் தேயக் குறையும்.

தேய்மானத்தின் கணக்கையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாக 8 மி.மீ. ஆழமுள்ள டயர் 1.6 மி.மீ. வரை தேய்ந்தால் விட்டம் 12.8 மி.மீ. குறைகிறது, உங்கள் பழைய டயரில் அது 2 சதவீதம். மொட்டையாகும் நிலையிலிருந்த டயரில் மீட்டர் 2 சதவீதம் கூடுதல் தூரம் காட்டியது, உருளல் தடையும் அதன் வாழ்நாளிலேயே மிகக் குறைவாக இருந்தது. அந்தச் சமயத்தில் எடுத்த 17 என்ற எண்ணோடு புது டயரின் எண்ணை ஒப்பிட்டால், அதே நிறுவனத்தின் அதே டயரைத் திரும்பப் போட்டிருந்தாலும் மைலேஜ் குறைந்ததாகத்தான் தெரியும்.

டயர் வாங்கும்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் லேபிள் ஒட்டியிருந்தால் வேலை எளிது. 2021 மே முதல் நடப்பிலுள்ள அந்த லேபிளில் எரிபொருள் சிக்கனத்துக்கு ஏ முதல் இ வரை ஐந்து வகுப்புகள் உண்டு. ஈரச் சாலைப் பிடிப்புக்கும் அதே லேபிளில் தனி எழுத்து இருக்கும். சிக்கனத்தில் ஒரு வகுப்பு முன்னேற, ஈரப் பிடிப்பில் இரண்டு வகுப்பு கீழே போகும் டயரை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். காற்றழுத்தமும் முக்கியம்: நான்கு டயர்களிலும் சராசரியாக ஒவ்வொரு பிஎஸ்ஐ குறைவுக்கும் 0.2 சதவீதம் போகிறது. தனியாகப் பார்த்தால் சிறிய எண், ஆனால் பத்து பிஎஸ்ஐ குறைவாக ஓடும் வண்டிகள் சாலையில் ஏராளம்.

அலாய் வீலின் எடையைப் பற்றி ஒரு கட்டுக்கதை உலவுகிறது. சக்கரத்தில் கூடும் ஒரு கிலோ, உடலில் கூடும் பத்து கிலோவுக்குச் சமம் என்பார்கள். சுழலும் பொருளை வேகமெடுக்க வைக்கும்போது, அது முன்னே நகர்வதற்கும் சுழல்வதற்குமாக இருமுறை ஆற்றல் கொடுக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் எடை முழுவதும் டயரின் வெளிவிளிம்பிலேயே இருந்தாலும் அது இரண்டு மடங்காகவே எண்ணப்படும், அதற்கு மேல் போக இயற்பியல் இடம் தராது. ஒவ்வொரு சக்கரமும் டயரோடு 4 கிலோ கூடியிருந்தால், வேகமெடுக்கும் கணக்கில் அது வண்டியில் 32 கிலோவுக்கும் குறைவான சுமையை ஏற்றியதற்குச் சமம். 45 கிலோவுக்கு 1 சதவீதம் என்பது பொதுவான மதிப்பீடு என்பதால், கனமான சக்கரத்தின் பங்கு 1 சதவீதத்தைத் தாண்டாது, அதுவும் நகருக்குள். சீரான நெடுஞ்சாலை ஓட்டத்தில் சுழற்சி எடை ஒரு பொருட்டே இல்லை. சக்கரத்தின் முகம் திறந்து கிடக்கிறதா மூடியிருக்கிறதா என்பதுதான் அங்கே கணக்கில் வரும்; மின்சாரக் கார்களின் சக்கரங்களைத் தட்டையான மூடிகளால் மறைத்திருப்பதற்குக் காரணம் அதுவே.

இப்போது ஃபில்டர். நல்ல காற்றோட்டம் கொடுத்தால் என்ஜின் தாராளமாக மூச்சுவிடும், ஆகவே மைலேஜ் கூடும் என்ற வாதம் கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. பெட்ரோல் என்ஜினில் அது எடுபடாததற்குக் காரணம், உள்ளே போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில். பெட்ரோல் என்ஜின் தன் திறனைக் கட்டுப்படுத்துவதே காற்றை மறிப்பதன் மூலம்தான். நீங்கள் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி 80-ல் போகும்போது, த்ராட்டில் தகடு பெரும்பாலும் மூடியே இருக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள காற்றழுத்தம் வெளிக்காற்றில் பாதிதான், சில சமயம் அதற்கும் குறைவு. அதாவது த்ராட்டில் ஏற்படுத்தும் அழுத்த இழப்பு 50 கிலோபாஸ்கல் அளவு. அதே ஓட்டத்தில் ஃபில்டரின் இழப்பு ஒரு கிலோபாஸ்கலில் ஒரு சிறு பகுதி. ஃபில்டரின் அந்தச் சிறு தடையை நீங்கள் நீக்கினால் கூடுதல் காற்று உள்ளே வரப் பார்க்கும், வண்டி வேகமெடுக்கப் பார்க்கும், நீங்களோ, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவோ த்ராட்டிலை அந்த அளவுக்கு இன்னும் கொஞ்சம் மூடிவிடுவீர்கள். தடை இடம் மாறியது, அளவு மாறவில்லை.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இதை எதிர்த்திசையிலிருந்து சோதித்தது. கணினிக் கட்டுப்பாடுள்ள, எரிபொருள் இன்ஜெக்‌ஷன் கொண்ட கார்களில் ஏர் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துப் பார்த்தபோது, முழு ஆக்சிலரேட்டரில் வேகமெடுக்கும் திறன் குறைந்ததே தவிர, எரிபொருள் சிக்கனம் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. அடைத்தே குறையாத ஒன்று, திறப்பதால் கூடப்போவதில்லை. கார்புரேட்டர் காலத்துக் கார்களில் நிலை வேறு: அடைபட்ட ஃபில்டர் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டிவிடும் என்பதால் அங்கே உண்மையாகவே இழப்பு இருந்தது. ஃபில்டர் பற்றிய நம்பிக்கை அந்தக் காலத்திலிருந்து பிழைத்து வந்தது. டீசலில் காற்றை மறித்துத் திறனைக் கட்டுப்படுத்துவதில்லை என்பதால் ஃபில்டரின் நிலைக்குச் சிறிய மதிப்பு உண்டு, ஆனால் சுத்தமான சாதாரண ஃபில்டரே அதற்குப் போதும்.

குளிர்ந்த காற்றை உறிஞ்சும் கோல்ட் ஏர் இன்டேக் விஷயத்தில் கதை தலைகீழ். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, உச்சத் திறனுக்கு நல்லது. பாதி மூடிய த்ராட்டிலில் அதே திறனைப் பெற, அடர்ந்த காற்றை இன்னும் அதிகமாக மறிக்க வேண்டும், ஆகவே சிக்கனத்துக்கு அது மிகச் சிறிய அளவில் பாதகமே. எண்ணெய் தடவிய ஃபில்டர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு: எண்ணெய் அதிகமாகிவிட்டால் அது காற்றோட்ட சென்சாரின் சூடான கம்பியில் படிந்து, உள்ளே வரும் காற்றைக் குறைத்துக் காட்டவோ கூட்டிக் காட்டவோ செய்யும். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் அதைப் பெருமளவு திருத்திவிடும் என்றாலும், எச்சரிக்கை விளக்கு எரிவதற்கு அது போதும்.

சைலன்சருக்கும் பெரும்பாலும் இதே விடைதான். குழாயில் ஏற்படும் அழுத்த இழப்பு, ஓடும் வாயுவின் அளவின் வர்க்கத்தைப் பொறுத்தது. சீரான ஓட்டத்தில் வெளியேறும் புகை உச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றால், பின்னழுத்தம் உச்சத்தில் இருப்பதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அதில் பாதியைக் குறைத்தாலும் நீங்கள் அளக்கக்கூடிய எதுவும் மாறாது. மாறுவது சத்தம். புதிய சத்தத்தைக் கேட்பதற்காகவே ஆக்சிலரேட்டரை இரண்டு முறை கூடுதலாக அழுத்தாதவர்கள் உண்டா என்று எனக்குச் சந்தேகம். அழுத்தி ஓட்டும்போது என்ஜின் சேமிப்பு விகிதத்தைக் கைவிட்டு, உச்சத் திறனுக்காகக் கூடுதல் பெட்ரோல் கலக்கும் நிலைக்குப் போகிறது. சாதாரணமாக ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றிருக்கும் விகிதம் அப்போது 12.5-க்கு அருகில் இறங்கும். உங்கள் 1.8 கி.மீ. இழப்பில் சைலன்சரின் பங்கு ஏதேனும் இருந்தால், அது இந்த வழியாக வந்ததாகவே இருக்கும்.

இந்த 14.7 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டால் பெட்ரோல் காரில் ஈசியூ ரீமேப் செய்து, அதாவது ஈசியூவின் மென்பொருளை மாற்றியமைத்து, மைலேஜ் கூட்டுகிறோம் என்போரின் வாக்குறுதியையும் எடைபோடலாம். சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துப் பார்த்து ஈசியூ அந்த விகிதத்தைப் பிடித்துவைப்பதற்குக் காரணம், புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கி மாற்றி அந்த விகிதத்தில்தான் மூன்று நச்சு வாயுக்களையும் ஒருசேர மாற்றும் என்பது. பெட்ரோலைக் குறைத்து அதை மெலிதாக்கினால் நைட்ரஜன் ஆக்சைடுகள் வெளியேறும், அது பெரும்பாலான நாடுகளில் சட்டமீறல். தீப்பொறி பற்றவைக்கும் நேரமான இக்னிஷன் டைமிங்கோ, குறைந்த சுமையில் ஏற்கெனவே மிகச் சிறந்த இடத்துக்கு அருகிலேயே இருக்கிறது. ரீமேப் உச்சத் திறனையும் ஆக்சிலரேட்டரின் கூர்மையையும் மாற்றும், நீங்கள் பெரும்பாலும் ஓட்டும் பகுதியில் எடுப்பதற்கு அதிகம் மிச்சமில்லை.

டர்போ டீசலில் கொஞ்சம் இடம் இருக்கிறது. எரிபொருள் பீய்ச்சும் நேரத்தை முன்னே தள்ளினால் செயல்திறன் கூடும், அதோடு நைட்ரஜன் ஆக்சைடும் கூடும். நிறுவனம் பின்னே தள்ளி வைத்தது அந்தக் காரணத்தால்தான். குறைந்த சுழற்சியில் முறுக்குவிசை கூடுவதால் மேல் கியரில் சீக்கிரம் மாற்றி ஓட்டுபவருக்கும் ஓரளவு பயன் உண்டு. ஆனால் டீசல்களில் மாட்டும் ட்யூனிங் பெட்டிகளைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அவற்றில் எளிய வகை, டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கிவைக்கும் குழாயான எரிபொருள் ரெயிலின் அழுத்த சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் அமர்ந்து, அழுத்தம் இருப்பதைவிடக் குறைவு என்று பொய் சொல்கிறது. ஈசியூ அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டுகிறது, ஒவ்வொரு பீய்ச்சலிலும் ஈசியூ நினைப்பதைவிட அதிக டீசல் உள்ளே போகிறது. டாஷ்போர்டில் தெரியும் மைலேஜ் எண், ஈசியூ தான் பீய்ச்சியதாக நினைக்கும் அளவிலிருந்து கணக்கிடப்படுவது. ஆகவே பெட்டி மாட்டிய அன்றே திரையில் மைலேஜ் கூடிவிடும்; டாங்க் மட்டும் பழைய வேகத்திலோ அதைவிடச் சீக்கிரமாகவோ காலியாகும். திரையின் எண்ணைப் படமெடுத்துக் காட்டுபவர் பொய் சொல்லவில்லை, அவருடைய வண்டிதான் அவரிடம் பொய் சொல்கிறது.

எரிபொருள் குழாயில் கட்டும் காந்தம், தண்ணீரைப் பிரித்து வாயு தரும் ஹைட்ரஜன் கிட், பழுது கண்டறிய வண்டியில் இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சிறு பெட்டி ஆகியவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். எரிபொருளை முழுமையாக எரிக்கிறோம் என்பதே இவற்றின் பொதுவான விளம்பரம். நவீன என்ஜினில் எரியாமல் வெளியேறுவது 2, 3 சதவீதம் மட்டுமே. இழப்பின் பெரும்பகுதி எரிந்து உண்டான வெப்பம் ரேடியேட்டர் வழியாகவும் புகைவழியாகவும் போய்விடுவதுதான். 2 சதவீதம் இருக்கும் இடத்திலிருந்து 20 சதவீதம் சேமிக்க வழியில்லை. ஹைட்ரஜன் கிட் 20 ஆம்பியர் இழுத்தால் ஆல்டர்னேட்டரிலிருந்து 276 வாட் எடுக்கிறது. அது திருப்பித்தரும் வாயுவின் ஆற்றல் அதற்குக் கீழேதான் இருக்கும். 80 கி.மீ. வேகத்தில் ஓடும் காரின் எரிபொருள் ஆற்றல் ஓட்டம் ஏறத்தாழ 30,000 வாட். செருகும் பெட்டிகளில் பிரித்துப் பார்க்கப்பட்ட பலவற்றுள் மினுக்கும் விளக்குகளைத் தவிர வேறொன்றும் இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைப் பரிசீலித்தும், மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டும் எதையும் கண்டதில்லை. இன்னொரு கோணமும் உண்டு: ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நிறுவனத்தின் புதிய கார்களின் சராசரி கார்பன் டை ஆக்சைடு வரம்பைத் தாண்டினால், கிலோமீட்டருக்குத் தாண்டும் ஒவ்வொரு கிராமுக்கும், பதிவாகும் ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம் விதிக்கப்படுகிறது. ஒரு காந்தத் துண்டு 10 சதவீதம் சேமிக்கும் என்றால் அதைத் தொழிற்சாலையிலேயே மாட்டாமல் விட்டிருப்பார்களா?

விளக்குகளைக் கேட்கிறவர்களும் உண்டு. 100 வாட் கூடுதல் விளக்குக்கு, ஆல்டர்னேட்டரின் இழப்பையும் சேர்த்து என்ஜின் 160 வாட் அளவு தர வேண்டும், அது மணிக்கு ஏறத்தாழ 50 மில்லி பெட்ரோல். சிறியதுதான். அதே விளக்கைக் கூரையில் நிமிர்த்தி மாட்டினால், நெடுஞ்சாலையில் அணைத்து வைத்திருக்கும்போதும் அது காற்றில் அதைவிட அதிகம் செலவழிக்கும்.

பைக் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. சங்கிலியை இழுக்கும் பற்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல்லுக்குப் பதில் 15 பல் போட்டால் அதே வேகத்தில் என்ஜின் சுழற்சி 6.7 சதவீதம் குறையும், நெடுஞ்சாலையில் சிறிது நன்மை உண்டு. ஆனால் மீட்டர் முன்சக்கரத்திலிருந்து எண்ணுகிறதா, கியர்பாக்ஸிலிருந்து எண்ணுகிறதா என்று பாருங்கள். கியர்பாக்ஸ் என்றால் மீட்டர் அந்த 6.7 சதவீத தூரத்தைக் காட்டாது, கிடைத்த நன்மை கண்ணுக்கு நட்டமாகத் தெரியும்.

உங்கள் காரில் எதை முதலில் செய்வது? கேரியரைக் கழற்றுங்கள், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள், ஜிபிஎஸ் காட்டும் தூரத்தோடு ஓடோமீட்டரை 100 கி.மீ. ஓட்டத்தில் ஒருமுறை ஒப்பிட்டு உங்கள் திருத்த எண்ணைக் குறித்துவையுங்கள். ஸ்பீடோமீட்டரையும் அதே எண்ணால் திருத்திப் படித்து ஓட்டுங்கள். ஃபில்டர், சைலன்சர் இரண்டையும் மைலேஜுக்காகத் திரும்ப மாற்ற வேண்டிய தேவையில்லை. டயரை இப்போதே மாற்றுவதும் வீண். தேய்ந்து முடிந்ததும் பழைய அளவுக்கு, குறைந்த உருளல் தடையுள்ளதாகப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

அளக்கும்போது ஒரு டாங்க்கை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பம்ப் தானாக நிற்கும் இடம் ஒரு லிட்டர் முன்பின்னாக இருந்தால், 30 லிட்டர் நிரப்பும் காரில் அதுவே 3 சதவீதப் பிழை. அதே பம்ப்பில், முதல் முறை தானாக நின்றதோடு நிறுத்தி, மூன்று நான்கு டாங்க்குகளின் மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுத்தால் அந்தப் பிழை ஏறத்தாழ 1 சதவீதமாகக் குறையும். கேரியர் இல்லாமல் ஒரு சுற்று, கேரியரோடு ஒரு சுற்று, மறுபடி இல்லாமல் ஒரு சுற்று என்று எடுத்து, முதலும் கடைசியும் ஒத்துப்போனால்தான் நடுவில் வந்த எண்ணை நம்பலாம். மூன்று சுற்றும் ஒரே பருவத்தில் முடியட்டும்: 0 டிகிரியில் இருக்கும் காற்று 30 டிகிரிக் காற்றைவிட ஏறத்தாழ 10 சதவீதம் அடர்த்தியானது, வண்டியில் எதையுமே மாற்றாமல் குளிர்காலத்திலிருந்து கோடைக்கு வந்தாலே காற்றுத் தடை அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.